ஓவனைப் போட்டால் ட்ரிப் விழுகிறது: குற்றம் ஓவனுடையதுதானா?

கேட்கப்பட்டது இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரையோர மரின் டிரைவ் பக்கம் பார்த்த மாடி வீடு. இரண்டு மாதமாகச் சும்மா கிடந்த 1500 வாட் மேசை ஓவனைக் கேக் செய்வதற்காக எடுத்துப் போட்டால், சில நிமிடங்களில் வீடு முழுவதும் இருண்டுவிடுகிறது. அதே ஓவனை மேல்மாடி வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. இடைக்கிடை நள்ளிரவில், யாரும் எதையும் தொடாமலே ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. பார்க்க வந்த எலக்ட்ரீசியன், “ட்ரிப் பலவீனமாகிவிட்டது, அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடலாம், சமையலறை பிரேக்கரையும் 32 அம்பியர் ஆக்கிவிடலாம்” என்றிருக்கிறார். ஓவனை வீசுவதா, ட்ரிப்பைக் கழற்றுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நள்ளிரவில் ஓவன் ஓடவில்லை, ஆனாலும் ட்ரிப் விழுந்திருக்கிறது. அப்படியானால் ஓவனைத் தவிர இன்னொன்றும் அந்த வீட்டில் மின்னைக் கசியவிடுகிறது. கடைசியாகப் போட்ட சாமானையே எல்லோரும் திட்டுகிறோம், ட்ரிப் சுவிட்சோ வீட்டின் மொத்தக் கசிவையும் கூட்டிப் பார்த்துத்தான் விழுகிறது.

முதலில், விழுவது எது என்று பாருங்கள். கொழும்பு வீடுகளின் டி.பி. பெட்டியில், அதாவது வீட்டுக்கு மின்னைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், பொதுவாக மூன்று வகைச் சுவிட்சுகள் இருக்கும். மெயின் சுவிட்ச், அதற்கடுத்து சோதனைப் பொத்தான் உள்ள அகலமான ட்ரிப் சுவிட்ச், பிறகு வரிசையாகச் சின்னச் சின்ன எம்.சி.பி.க்கள், அதாவது ஒவ்வொரு சுற்றுக்குமான பிரேக்கர்கள். வீடு முழுவதும் ஒரேயடியாக இருண்டால் விழுந்தது பெரும்பாலும் அகலமானதுதான். அதன் முகத்தில் 40 A என்றும் 30 mA என்றும் அச்சிட்டிருக்கும். அந்த 30 மில்லி அம்பியர்தான் இங்கே விடயம். லைவ் வழியாகப் போன மின்னோட்டம் நியூட்ரல் வழியாக அப்படியே திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், குறைந்த அளவு எங்கோ எர்த்துக்கு, அல்லது ஒருவருடைய உடலுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழுகிறது. நீங்கள் எத்தனை சாமான்கள் போட்டிருக்கிறீர்கள் என்பது அதற்குப் பொருட்டல்ல. மிகை சுமைக்கு விழும் வேலை எம்.சி.பி.யினுடையது. அது விழுந்தால் சமையலறை மட்டும் இருளும், மற்ற அறைகளில் விளக்கு எரியும்.

உங்கள் வீட்டில் விழுவது ட்ரிப் என்பதால், மிகை சுமை பற்றிய அறிவுரைகளை எல்லாம் ஒதுக்கிவைக்கலாம். “கேத்தலையும் ஓவனையும் சேர்த்துப் போடாதே” என்று வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது வேறு வருத்தத்துக்கான மருந்து.

இனிக் கணக்கு. 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஒன்று 15க்குக் கீழே விழக் கூடாது, 30ஐ எட்டினால் கட்டாயம் விழ வேண்டும் என்பது தரவிதி. இடைப்பட்ட எந்த இடத்திலும் விழலாம். நல்ல நிலையில் உள்ள பல சுவிட்சுகள் இருபதைத் தாண்டும் இடத்திலேயே விழுந்துவிடும். அதைப் பலவீனம் என்று சொல்வது தவறு, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. இப்போது உங்கள் பிரிட்ஜ் 9 மில்லி அம்பியர் கசிகிறது, ஓவன் 12 கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே எதுவும் ட்ரிப்பை விழுத்தாது. சேர்ந்தால் 21, வீடு இருண்டுவிடும். பத்துப் பேர் வைத்த கடன் கொப்பியில் கடைசியாக ஒரு இறாத்தல் பாண் வாங்க வந்தவனைக் கடைக்காரர் பிடித்துக்கொள்வது போலத்தான் ஓவன் மாட்டிக்கொள்கிறது.

மேல்மாடி வீட்டில் ஓவன் ஓடியதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவர்களுடைய வீட்டில் வேறு கசிவு இல்லாமல் இருக்கலாம். அல்லது அவர்களின் ட்ரிப் சுவிட்ச் பல வருடமாக யாரும் சோதிக்காமல் உள்ளே இறுகிப்போயிருக்கலாம். அல்லது நீங்கள் செருகிய சொக்கெட்டில் எர்த் வயரே இல்லாதிருக்கலாம். எர்த் இல்லையென்றால் கசிவு போவதற்கு வழி இல்லை. ட்ரிப் விழாது, ஓவனின் உடம்பு மட்டும் உயிரோடு இருக்கும். தொட்டபோது விரல் நுனியில் கூசியது என்று யாராவது சொன்னால் இந்த மூன்றாவதுதான். ஆகவே அந்தச் சோதனை ஓவனுக்கு நற்சான்றிதழ் தரவில்லை. மேல்மாடிக்காரரிடம் அவருடைய ட்ரிப்பில் உள்ள டி என்ற பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விழவில்லை என்றால் உங்கள் ஓவனைவிட அவருடைய வீட்டுக்குத்தான் அவசரம். அமுக்கியதும் விழுந்தால் சுவிட்ச் சரி, ஆனால் சொக்கெட்டின் எர்த் சரியா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, பொறுமை தேவை. பகல் வெளிச்சத்தில், காய்ந்த கையோடு, காலில் செருப்போடு செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் சொக்கெட்டிலிருந்து வெளியே இழுத்துவிடுங்கள். சுவர் சுவிட்சை மூடினால் போதும் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் ஆட்களைச் சுற்றவிடுகிறது. நம்முடைய சுவர் சுவிட்சுகள் பெரும்பாலும் லைவ் ஒன்றையே துண்டிக்கின்றன, நியூட்ரல் இணைந்தே இருக்கும். ஒரு சாமானுக்குள் நியூட்ரல் முனை உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதன் சுவிட்ச் மூடியிருந்தாலும் கசிவு நடக்கும். அதுவும் வேறொரு பெரிய சாமான் ஓடத் தொடங்கும்போதுதான் ட்ரிப் விழுகிற அளவுக்குக் கூடும். மூலையில் மூடிக் கிடந்த பழைய ரைஸ் குக்கர் ஒன்று, அயர்ன் பெட்டி மேல் பழி போட வைக்கிற வித்தை இதுதான்.

பிளக்குகள் எல்லாம் வெளியே வந்ததும் எம்.சி.பி.க்களைக் கீழே தள்ளிவிட்டு ட்ரிப்பை மட்டும் மேலே தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட எம்.சி.பி.யை ஏற்றும்போது, சொக்கெட்டில் ஒன்றுமே செருகாத நிலையிலும் ட்ரிப் விழுந்தால், பழுது அந்தச் சுற்றின் வயரிங்கில் அல்லது நிரந்தரமாக இணைத்த சாமானில் இருக்கிறது. குளியலறை வோட்டர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார், பல்கனி விளக்கு ஆகியவற்றை இங்கே மறந்துவிடாதீர்கள். எல்லாம் ஏறி நின்றால் பிளக்குகளை ஒன்றொன்றாகச் செருகி, ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பிரிட்ஜின் பிளக்கை இழுத்துவிட்டு ஓவனைப் போடுங்கள். நின்றால், நான் சொன்ன கூட்டல் கணக்கு உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் பிரிட்ஜில் உள்ளவை நான்கு மணி நேரம் வரை தாங்கும், பயப்பட வேண்டாம்.

பிரிட்ஜை நான் சந்தேகிப்பதற்குக் காரணம் அந்த நள்ளிரவுதான். ஐஸ் கட்டாத, நோ ஃப்ரொஸ்ட் வகைப் பிரிட்ஜுகளில் குளிர்ச்சுருளின் அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. கொம்பிரசர் சில மணி நேரம் ஓடியபின், பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அது தானாக இயங்கிப் படிந்த பனியை உருக்கும். உருகும் தண்ணீர் அதன் மேலேயே சொட்டுகிறது. ஆண்டுகள் போகப் போக ஹீட்டரின் முனைகளில் உள்ள ரப்பர் மூடி வெடித்துத் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்போது பிரிட்ஜ் பகல் முழுவதும் சமர்த்தாக ஓடும், ஹீட்டர் போடும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் ட்ரிப்பை விழுத்தும். ட்ரிப் விழுந்த நேரங்களைப் பிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். இடைவெளிகள் ஏறத்தாழ ஒத்துப்போனால் பிரிட்ஜ் திருத்துபவரிடம் “டிப்ரொஸ்ட் ஹீட்டரைப் பாருங்கள்” என்று நேராகச் சொல்லலாம். இல்லாவிட்டால் அவர் வந்து நிற்கும் அரை மணி நேரத்தில் பிரிட்ஜ் ஒழுங்காக ஓடிக் காட்டும், அவரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். ஏப்ரல் மே மாதங்களிலும் ஒக்டோபர் நவம்பரிலும் மாலை இடிமின்னலோடு விழுவதை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். மின்னல் தூண்டும் மின்னழுத்தத்தால் நல்ல ட்ரிப்பும் விழும்.

இனி ஓவன். அதன் சூடாக்கும் கம்பி வெறும் கம்பி அல்ல. உலோகக் குழாயின் நடுவே நைக்ரோம் சுருள், சுருளுக்கும் குழாய்க்கும் இடையில் இறுக்கி அடைத்த மக்னீசியம் ஒக்சைட் தூள். தூள் காய்ந்திருக்கும்வரை அருமையான காவல். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். குழாயின் இரு முனைகளிலும் உள்ள அடைப்பு வயதாகி விரிசல் விட்டால் அந்த வழியே ஈரம் ஏறும். தினமும் சூடாகும் ஓவனில் ஈரம் தங்காது. இரண்டு மாதம் சும்மா கிடந்த ஓவனில், அதுவும் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக அடிக்கும் வீட்டில், தங்கும். போட்ட உடனேயே விழாமல் சில நிமிடம் கழித்து விழுவதும் இதற்குப் பொருந்துகிறது. சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் நகர்ந்து, கசிவு முதலில் கூடும், பிறகு ஈரம் வெளியேற வெளியேறக் குறையும். குறைவதற்கு முன் ட்ரிப் விழுந்துவிடுவதால் ஓவன் தன்னைத் தானே காயவைத்துக்கொள்ள முடியாமல் போகிறது.

அதற்கு நாம்தான் உதவ வேண்டும். பிளக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வையுங்கள். கடல்காற்று நேராகப் படும் பல்கனியைவிட ஜன்னலுக்கு உட்புற வெயில் நல்லது. தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தால் கம்பிகள் பக்கச் சுவரில் நுழையும் இடங்களில் சூடான காற்றை அரை மணி நேரம் அடியுங்கள். பிறகு பிரிட்ஜின் பிளக்கை இழுத்த நிலையில் ஓவனைப் போடுங்கள். தெரிவுக் குமிழில் மேல்கம்பி மட்டும், கீழ்கம்பி மட்டும் என்று பிரிக்க முடிந்தால் தனித்தனியே போட்டுப் பாருங்கள், எது கசிகிறது என்பதும் தெரிந்துவிடும். நின்றால் உள்ளே ஒன்றும் வைக்காமல் 100 பாகையில் ஒரு மணி நேரம், பிறகு 200 பாகையில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஈரம்தான் காரணம் என்றால் அதன் பிறகு பிரிட்ஜோடு சேர்ந்தும் ஓடும்.

இதையே “எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் சூடாக்கினால் காய்ந்துவிடும்” என்று சிலர் செய்துகாட்டுவார்கள். காய்வது உண்மை. அந்த ஒரு மணி நேரமும் ஓவனின் தகரம் முழுவதும் மின்னேறி இருக்கும் என்பதும் உண்மை. வேண்டாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓவன் பிளக்கின் எர்த் முனைக்கும் மற்ற இரண்டு முனைகளுக்கும் இடையில், பிளக்கைச் சொக்கெட்டிலிருந்து இழுத்துவிட்டு, குமிழ்களை எல்லாம் ஓவன் ஓடும் நிலைக்குத் திருப்பி வைத்து, தடையை அளக்கலாம். 230 வோல்ட்டில் 15 மில்லி அம்பியர் கசிய ஏறத்தாழ 15 கிலோ ஓம் போதும், ஆகவே பத்து இருபது கிலோ ஓம் காட்டினால் பழுது உறுதி. ஒன்றும் காட்டாவிட்டால் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கிறது, ஈரக் கசிவு பல வேளைகளில் 230இல்தான் தலைகாட்டும். அதற்கு 500 வோல்ட்டில் அளக்கும் மெகர் வேண்டும். வரும் எலக்ட்ரீசியனிடம் மெகர் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தக் கம்பியை நம்ப வேண்டாம். டெஸ்டர் ஸ்குரூடிரைவர் ஒன்றோடு மட்டும் வருபவர் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ட்ரிப்பைக் கழற்றச் சொல்கிறார்.

மற்றச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. ரைஸ் குக்கரில் பொங்கி வழிந்த கஞ்சி, வயர் செருகும் வாய்க்குள் இறங்கியிருக்கும். காயவைத்துத் துடைத்தால் பாதி குணமாகும். கேத்தலில் அடித்தட்டின் நடு முனையைப் பாருங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் படியாது, யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் வருடக்கணக்காகக் கொதித்துவிட்டுக் கொழும்புக்கு வந்த கேத்தல் என்றால் அடிக்கம்பி அரித்திருக்க வாய்ப்புண்டு, புதியதை வாங்குங்கள். மிக்சி நின்றுபோய் வீட்டில் விளக்கு எரிகிறதென்றால் ட்ரிப்பைத் தேட வேண்டாம், மிக்சியின் அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும், ஆறியபின் அமுக்குங்கள். மைக்ரோவேவ் கதவைத் திறக்கும் அல்லது மூடும் கணத்தில் எம்.சி.பி. விழுந்தால் கதவின் உள் சுவிட்சுகள் ஒழுங்கு தப்பியிருக்கின்றன. அதை வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கை இழுத்த பிறகும் உள்ளே உள்ள கொண்டென்சர் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும்.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சாமானைவிடச் சொக்கெட்டே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. உப்பு படிந்து, செப்பு பச்சை பூத்து, மழை நாட்களில் மட்டும் கசியும். பல்லி உள்ளே புகுந்து கருகிக் கிடப்பதும் சாதாரணம். ஒரு சாமான் ஒரு சொக்கெட்டில் விழுத்தி இன்னொன்றில் விழுத்தாவிட்டால் இதை நினையுங்கள். கூடவே, இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதற்காகச் சதுரமுனைச் சொக்கெட்டின் எர்த் துளையில் பேனாவைக் குத்தும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தகுந்த அடப்டர் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கிறது.

இப்போது அந்த எலக்ட்ரீசியனின் யோசனை. நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த், மின்சார சபையின் கம்பியிலிருந்து வருவதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் அடித்த எர்த் ரொட்தான் எர்த். மண்ணின் தடை அதிகம். ரொட்டின் தடை 50 ஓம் என்றால், ஓவனில் லைவ் வயர் முழுமையாக உடம்பைத் தொட்டாலும் பாயப்போவது 4.6 அம்பியர்தான். 16 அம்பியர் எம்.சி.பி.க்கு அது பொருட்டே அல்ல, விழவே விழாது. ஓவனின் உடம்பு ஏறத்தாழ முழு 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும். ட்ரிப் சுவிட்சோ 30 மில்லி அம்பியரிலேயே, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். இப்படிப்பட்ட எர்த் உள்ள வீட்டில் ட்ரிப்பைத் தவிர்த்து நேராக இணைப்பவரை இன்னொரு முறை வீட்டுக்குள் விடாதீர்கள். சொந்த டிரான்ஸ்போமர் உள்ள பெரிய அடுக்குமாடிகளில் எர்த் ஏற்பாடு வேறாக இருக்கலாம், அங்கும் இந்த முடிவு மாறாது.

32 அம்பியர் யோசனையும் உங்கள் பழுதுக்குச் சம்பந்தமில்லாதது. விழுவது எம்.சி.பி. அல்லவே. விழுந்தாலும் அதைப் பெரிதாக்கக் கூடாது, ஏனெனில் அது காப்பது சாமானை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. சொக்கெட்டுகளுக்கு இழுக்கப்படும் 7/0.67 வயர் (0.67 மில்லிமீட்டர் தடிப்பில் ஏழு இழைகள்), குழாய்க்குள் இருபது அம்பியர் அளவுக்குத்தான் நிம்மதியாகத் தாங்கும். 2000 வாட் கேத்தல் 8.7 அம்பியர், உங்கள் ஓவன் 6.5, ரைஸ் குக்கர் 3, மைக்ரோவேவ் 5.2, மொத்தம் 23க்கு மேல். 16 அம்பியர் எம்.சி.பி. இதைச் சிறிது நேரம் பொறுத்திருந்து பிறகு விழும், அது சரி. 32 போட்டால் விழாது, வயர்தான் சூடாகும். அப்படி நான்கையும் சேர்த்து ஓட்ட வேண்டிய வீடு என்றால் டி.பி.யிலிருந்து ஓவனுக்குத் தனி வயரும் தனி எம்.சி.பி.யும் இழுப்பதே வழி. மீட்டருக்குப் பக்கத்தில் முத்திரையிட்டிருக்கும் பெட்டியை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். அங்கே பழுது என்றால் மின்சார சபையின் 1987ஐ அழையுங்கள்.

காயவைத்த பிறகும் ஓவன் தனியாகவே ட்ரிப்பை விழுத்தினால் கம்பியை மாற்றுங்கள். ஓவனை வீசத் தேவையில்லை. பழைய கம்பியைக் கழற்றிக் கையோடு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு எடுத்துப் போங்கள். நீளமும் முனையின் வடிவமும் ஒத்துப்போவதோடு, கம்பியில் பொறித்திருக்கும் வோல்ட்டையும் பாருங்கள். மேசை ஓவன்களில் இரண்டு கம்பிகள் தொடராக இணைந்திருப்பது வழக்கம், அப்படியானவற்றில் 110 அல்லது 115 என்று இருக்கும். கடைக்காரர் நீளம் சரி என்று 230 கம்பியைத் தந்தால் ஓவன் அரைகுறையாகத்தான் சூடாகும், கேக் நடுவில் வேகாது. முனையின் அடைப்பு வெடிக்காமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பொருத்தியபின், பிரிட்ஜும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் வெறும் ஓவனாகச் சூடாக்கிவிட்டு மாவைக் கலக்கத் தொடங்கலாம்.